சவ வண்டியின் டயர்களும் பின்னால் வந்த வெள்ளைக் காரும்

நம் வண்டியில் ஏறுகிறவர்களில் ஒரே ஒருவருக்குத்தான் இனி எதுவும் ஆகாது. மற்ற எல்லோருக்கும் ஆகும். சவ வண்டி ஓட்டப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு நான் சொல்ல நினைப்பது இங்கிருந்துதான் தொடங்குகிறது. பெட்டியைத் தூக்குவது, ஏற்றுவது, குறுகலான படிக்கட்டில் திருப்புவது இதெல்லாம் உங்களுக்கு ஒரு மாதத்தில் வந்துவிடும். அழுகிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்பதும் போகப் போக வந்துவிடும். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார்கள்.

என்னைக் கூட வேலை செய்தவர்கள் 'நடுங்கி அண்ணே' என்று கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் என்னை விடவில்லை. போன வாரம் ஜெலுத்தோங் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோதுகூட ஒருவன் அப்படியே கூப்பிட்டான். எனக்கு அதில் வருத்தமில்லை. பிணத்துக்கும் பேய்க்கும் நான் ஒருநாளும் நடுங்கியதில்லை, டயருக்குத்தான் நடுங்கினேன்.

நம் வண்டிகளின் டயரைப் பார்த்திருப்பீர்கள். டயரில் இருக்கும் வெட்டுகளை மலாய்க்காரர்களைப் போல நாமும் பூ என்றுதான் சொல்கிறோம். நம் வண்டியில் அந்தப் பூ எப்போதும் தடிப்பாக, கடையிலிருந்து இறக்கியதுபோல இருக்கும். இருக்காதா பின்னே? வீட்டிலிருந்து சுடுகாடு வரை மெதுவாக ஒரு ஓட்டம், அங்கிருந்து திரும்ப ஒரு ஓட்டம். மீதி நேரமெல்லாம் கடலோரத்து வெயிலில் சும்மா நிற்கிறது. ஓடித் தேய்கிற டயர் தன் வயதை வெளியே காட்டிவிடும். நின்றே கிழமாகிற டயர் காட்டாது, உள்ளுக்குள் காய்ந்து இறுகி, பக்கவாட்டில் மயிரிழை மாதிரி வெடிப்பு விடும். குனிந்து பார்த்தால்தான் தெரியும், நம் வண்டிக்குப் பக்கத்தில் குனிய யாருக்கு மனம் வரும்?

இன்னொன்றும் இருக்கிறது. சவ வண்டியைத் தன் கடை வாசலில் நிறுத்த எந்தச் சீன டயர் கடைக்காரருக்கும் பிடிக்காது. சீனப் பெருநாள் நெருங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம், சிவப்பு விளக்கு கட்டிய வாசலில் நம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த நமக்கே கூசும். நம் ஆட்கள் மட்டும் என்ன? சவ வண்டிக்குப் புது டயர் வாங்க வேண்டும் என்று சொன்னால், "ஏன், அடுத்தது யாருன்னு பார்க்கிறியா?" என்று கேட்பார்கள். அதனால் நாங்கள் எல்லோரும் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். விடியற்காலையில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது எண்ணெய் நிலையத்துக்குப் போய்க் காற்று மட்டும் அடித்துக்கொண்டு வந்துவிடுவோம். 'ஓட்டம் குறைவு, தாங்கும்' என்பதுதான் எங்கள் வேதவாக்கு.

அந்த வருஷம் சீனப் பெருநாளுக்கு முந்தைய வாரம். என் வண்டியின் பின் டயர்களில் வெடிப்பைப் பார்த்துவிட்டு, மாற்ற வேண்டும் என்று, வண்டிகளை நடத்தும் சங்கத்தின் அலுவலகத்தில் சொல்லியிருந்தேன். வாரக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெருநாள் கழியட்டும், கடைக்காரர்களும் நல்ல மனநிலையில் இருப்பார்கள் என்று அங்கிருந்த அக்கா சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அப்போதுதான் ஜெலுத்தோங் அடுக்குமாடி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. வயதான அம்மா ஒருவர் இறந்திருந்தார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் பைராம் தோட்டத்தில் கணவரைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே தன்னையும் புதைக்க வேண்டும் என்று மகனிடம் சத்தியம் வாங்கியிருந்தார். மகன் பெயர் சேகர், தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். வழக்கமான சுடுகாட்டு ஓட்டமாக இருந்தால் நான் யோசித்திருக்க மாட்டேன். இது தீவிலிருந்து கடல் பாலம் தாண்டி, நெடுஞ்சாலையில் வேகமாகப் போக வேண்டிய ஓட்டம். வேறு வண்டி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, மற்றது தாசேக் கெலுகோருக்குப் போயிருந்தது. வேறு வழியில்லாமல் கிளம்பினேன்.

சடங்குகள் முடிந்து பெட்டியை ஏற்றும்போது மதியம் ஆகிவிட்டது. சேகர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் பெட்டியின் இரு பக்கமும் உறவினர்கள் அமர்ந்தார்கள். அவர்களில் இறந்தவரின் தங்கையும் இருந்தார், எல்லோரும் அவரைச் சின்னம்மா என்றே கூப்பிட்டார்கள். மற்ற உறவினர்கள் ஏற்பாடுகளைக் கவனிக்க முன்பே தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். எங்களுக்குப் பின்னால் ஒரே ஒரு கார்தான் வந்தது, வெள்ளை நிறத்தில் சின்னப் பழைய கார். அது சேகரின் அப்பாவுடையது. அப்பா போன பிறகு அம்மா அதை விற்க விடவில்லையாம். சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுப்பார்களாம். "அப்பா காடியும் அம்மா பின்னால வரட்டும்" என்று சேகர் சொன்னார். அதை சேகரின் மனைவி மீனா ஓட்டினார், அவர்களுடைய இரண்டு பெண் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். கார் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது.

பாலத்தில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் என் இருக்கைக்கு அடியில் ஒரு தட்டு. பிறகு இன்னொன்று. ஸ்டியரிங் ஆடினால் முன் டயர், இருக்கைக்கு அடியில் தட்டினால் பின் டயர். இது அடியில்தான் தட்டியது. வேகம் கூடினால் தட்டும் கூடியது, குறைத்தால் குறைந்தது. இந்தப் பக்கமும் கடல், அந்தப் பக்கமும் கடல், பின்னால் ஒரு பெரிய லோரி ஒட்டிக்கொண்டு வந்தது. பாலத்தில் நிறுத்தினால் அந்த லோரி என்ன செய்யும் என்று தெரியாது. நிறுத்தாவிட்டால் டயர் என்ன செய்யும் என்று தெரியாது. எது குறைந்த ஆபத்து என்று யோசிக்க எனக்கு ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. அவசர விளக்கைப் போட்டு, இடது ஓரத்துக்கு வந்து, நடைக்குக் கொஞ்சம் கூடுதலான வேகத்தில் ஊர்ந்தேன். லோரிக்காரன் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனான். அவன் திட்டியது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது, என்னைப் பார்த்துவிட்டான் என்று அர்த்தமல்லவா.

சேகருக்கு ஒன்றும் புரியவில்லை. தோட்டத்திலிருந்து அவர் கைப்பேசிக்கு அழைப்பு மேல் அழைப்பு வந்துகொண்டிருந்தது. அங்கே மேகம் கறுத்துவிட்டது, வெட்டிய குழியில் தண்ணீர் ஊற ஆரம்பித்துவிட்டது, சீக்கிரம் வாருங்கள் என்றார்கள். இருட்டுவதற்குள் அடக்கம் செய்தாக வேண்டும். ஏன் இப்படி ஊர்கிறீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார். பாலம் முடியட்டும் தம்பி என்றேன்.

பாலத்தைத் தாண்டியதும், நெடுஞ்சாலையில் ஏறாமல், பிறை என்ற ஊரின் பக்கம் ஒரு மரத்தடியில் அகலமான இடம் பார்த்து நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தேன். இடது பின் டயரின் பக்கவாட்டில், வாயில் வெற்றிலையை அடக்கிய கன்னம் மாதிரி ஒரு வீக்கம். பூவோ பூத்துக் குலுங்குகிறது. சேகரும் இறங்கிப் பார்த்துவிட்டு, சரி, ஸ்பேர் டயரைப் போட்டுக்கொண்டு கிளம்பலாம் என்றார். ஸ்பேரை எடுத்தேன். கடையில் வாங்கியபோது இருந்த ரப்பர் முடிகூட அதில் உதிரவில்லை. ஆனால் டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். முதல் இரண்டு அது செய்யப்பட்ட வாரம், அடுத்த இரண்டு வருஷம். அதைத் துடைத்துப் படித்தேன். ஓடாமலேயே கிழமாகியிருந்தது, மற்ற நான்கையும்விட அதுதான் மூத்தது.

இதை வைத்து நெடுஞ்சாலையில் போக மாட்டேன் என்றேன். பக்கத்தில் எனக்குத் தெரிந்த டயர் கடை ஒன்று இருக்கிறது, பிணத்தோடு போனால் சேர்க்க மாட்டார்கள், பெட்டியை இறக்கி வைத்தால் காலி வண்டியை மெதுவாக ஓட்டிப்போய் நான்கையும் மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றேன். பின்னால் இருந்தவர்கள் கொதித்துவிட்டார்கள். வீட்டை விட்டுக் கிளம்பிய பிணத்தை நடுரோட்டில் இறக்குவதா, குடும்பத்துக்கு ஆகாது என்றார் சேகரின் மாமா. நான் சங்கத்தில் புகார் கொடுப்பேன் என்று இன்னொருவர் சொன்னார். சேகர் மட்டும் குரலை உயர்த்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அண்ணே, எங்கம்மாவுக்கு நான் சத்தியம் பண்ணியிருக்கேன். ஒரு டயருக்கா இப்படிப் பயப்படுறீங்க?"

"பெட்டியில இருக்கிறவங்களுக்கு நான் பயப்படல தம்பி. பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிறவங்களுக்குத்தான் பயப்படுறேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. கோபமா துக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் கெஞ்சுகிற நிலையில்தான் இருந்தேன். அவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வேறு யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வது என்று நினைத்தேன். அப்போது சின்னம்மா வண்டியிலிருந்து மெல்ல இறங்கி வந்தார்.

"ஏன்டா கத்துறீங்க. தூக்கிக்கிட்டு நடந்து போன காலத்துல பாதி வழியில இறக்கி, தலைமாட்ட மாத்தி வச்சுத்தானே திரும்பத் தூக்குவோம்? வண்டி வந்ததும் எல்லாரும் அதை மறந்துட்டீங்க. எங்கக்காவுக்கு அது நடக்கட்டும். இறக்குங்கடா."

மாமா பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். வழக்கத்தை வழக்கத்தால்தான் வெல்ல முடியும், என் நான்கு எண்ணை வைத்து நான் வென்றிருக்க முடியாது. பெட்டியை மரத்தடியில் இறக்கினோம். சின்னம்மா பொரியைத் தூவினார், தலைமாட்டை மாற்றி வைத்தார்கள். நான் டயர் கடை தவுக்கேயை, அந்தச் சீன முதலாளியை, அழைத்தேன். எந்த வண்டி என்றும் சொன்னேன். கடைக்கு முன்னால் வராதே, பின் சந்து வழியாக வா என்று அவர் மலாயில் சொன்னார். ஸ்பேரை மாட்டிக்கொண்டு காலி வண்டியோடு கிளம்பினேன். நான் தாமதம் செய்யாமல் இருக்க வேண்டுமே என்று சேகரும் கூடவே ஏறிக்கொண்டார். ஏறும் முன் மீனாவிடம் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

பின் சந்தில் தவுக்கே காத்திருந்தார். வண்டியை நேராகப் பார்க்காமல், சக்கரங்களை மட்டும் கழற்றச் சொல்லித் தன் ஆளிடம் கை காட்டினார். வண்டிக்குள் கிடந்த வீங்கிய டயரை எடுத்துக் காற்றை இறக்கி, பூவுக்கு ஓரத்தில் விரலை விட்டு இழுத்தார். அது நனைந்த பிளாஸ்திரி மாதிரி உரிந்து வந்தது. உள்ளே கம்பி துரு ஏறிப் போயிருந்தது. நெடுஞ்சாலைக்குப் போயிருந்தால் என்று ஆரம்பித்தவர், பெருநாள் நேரத்தில் கெட்ட பேச்சு வேண்டாம் என்று பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

சேகர் அந்த டயரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் அந்த நான்கு எண் எங்கே இருக்கும், எப்படிப் படிப்பது என்று கேட்டார். காட்டினேன். வெடிப்பைத் தடவிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"அண்ணே, அப்பா காடி டயரும் இப்படித்தான் இருக்கும். அப்பா இருந்தப்ப போட்டது. அம்மா வாராவாரம் கறுப்பு பாலிஷ் போட்டு, குங்குமம் வச்சு..."

அதோடு இன்னொன்றும் சொன்னார். நாங்கள் கிளம்பும்போது மீனாவிடம், நீ பிள்ளைகளோடு முன்னால் போ, வேகமாகப் போய்க் குழிக்காரர்களைக் கிளம்பிவிடாமல் நிறுத்தி வை, நாங்கள் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

தம்பிகளே, அந்தச் சந்தில்தான் எனக்கு உறைத்தது. என் வண்டிக்காக அத்தனை பேரோடு சண்டை போட்டேன். பாலம் முழுக்கக் கண்ணாடியில் அந்த வெள்ளைக் காரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதன் டயரைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பளபளப்பு என் கண்ணையும் மறைத்துவிட்டது. பிள்ளைகள் அதில்தான் இருக்கிறார்கள்.

சேகர் அழைத்தார். மணி அடித்தது, மீனா எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். எடுக்கவில்லை. ஓட்டிக்கொண்டிருந்தால் எடுக்க மாட்டாள் என்று அவரே சொன்னார். எடுக்காமல் இருப்பது நல்லதா கெட்டதா என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. மாமாவை அழைத்தால் அவர் கைப்பேசி அணைந்து கிடந்தது. சக்கரங்கள் மாட்டி முடிகிற வரை வண்டியை நகர்த்த முடியாது. சேகர் சந்தில் மேலும் கீழும் நடந்தார், ஒருமுறை சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு முருகா என்றார். நான் சக்கரத்தின் நட்டுகளை மாட்ட உதவப் போனேன், ஒன்றைக் கீழே போட்டேன். விஷயம் புரிந்ததுபோல தவுக்கேயும் குனிந்து வேலை செய்தார்.

திரும்பிப் போனோம். புது டயர் சத்தமில்லாமல் ஓடியது. அந்த மரம் தெரிந்தது. பெட்டி தெரிந்தது, அதைச் சுற்றி ஆட்கள் தெரிந்தார்கள், யார் யாரென்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை. கார் நின்ற இடம் வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் தெரியவில்லை. வளைவைத் திரும்பினேன்.

வெள்ளைக் கார் அங்கேயே நின்றது. மீனா பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், பிள்ளைகள் இரண்டும் சின்னம்மாவின் இரு பக்கமும் நின்றன. கைப்பேசி கார் இருக்கையில் கிடந்து அடித்திருக்கிறது. மீனா கிளம்பத்தான் பார்த்திருக்கிறார். இறக்கி வைத்த இடத்திலிருந்து இறந்தவரை முந்திக்கொண்டு யாரும் போகக்கூடாது என்று சொல்லிச் சின்னம்மாதான் விடவில்லை. இவ்வளவுதான். யாருடைய புத்திசாலித்தனமும் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை.

சேகர் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து ஓடினார். பிள்ளைகளை அணைத்துக்கொண்டு அவர் அழுததைப் பார்த்து, அம்மாவை நினைத்து அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் காருக்குப் போய்க் குனிந்தேன். குங்குமப் பொட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்துத் தேய்த்தேன். கறுப்பு பாலிஷ் விரலோடு வந்தது, அடியில் வெடிப்பு வரி வரியாக இருந்தது. எண்ணைப் படித்தேன். அந்த டயர் பெரிய பிள்ளையைவிட மூத்தது.

காரை அங்கேயே பூட்டிவிட்டு வரச் சொன்னேன். அப்படியானால் பிள்ளைகள் எதில் வருவார்கள் என்று மீனா கேட்டார். வேறு கார் இல்லை. சவ வண்டியில் சின்னப் பிள்ளைகளை ஏற்றக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும், நான் வேலை பார்த்த காலம் முழுக்க ஏற்றியதில்லை. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இந்த முறை சேகர் யாரையும் கேட்கவில்லை. இரண்டு பிள்ளைகளையும் தூக்கி, பெட்டிக்குப் பக்கத்தில் சின்னம்மாவின் மடியோடு சேர்த்து உட்கார வைத்தார். பாட்டி கூடத்தானே போகிறோம் என்று பெரியவள் தன் தங்கையிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது மழை கொட்டியது. குழியில் முழங்கால் அளவு தண்ணீர். சேகரும் மாமாவும் இறங்கி வாளியால் இறைத்தார்கள், நானும் இறங்கினேன். இருட்டுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அடக்கம் முடிந்தது. சேகர் என்னிடம் நன்றியும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. சேறு படிந்த கையோடு என் வண்டியின் டயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவதற்குப் பிள்ளைகளை மறுபடி ஏற்றினார்.

அதன் பிறகு நான் ஓய்வு பெறும் வரை ஒரு வேலையை விட்டதில்லை. பெட்டியைத் தூக்குவதற்கு முன் நான் வெளியே வந்துவிடுவேன். முதலில் என் வண்டியைச் சுற்றி வருவேன். பிறகு பின்னால் வரப்போகிற ஒவ்வொரு காரையும் சுற்றி வந்து, ஒவ்வொரு டயருக்கும் முன்னால் குனிந்து, விரலால் தடவி, எண்ணைப் படிப்பேன். சந்தேகம் இருந்தால் அந்தக் காரில் இருக்கிறவர்களை வேறு காரில் ஏற்றுவேன். முதல் தடவை, என்ன செய்கிறான் இவன் என்று யாராவது கேட்பார்கள், சண்டைக்கு வருவார்கள் என்று பயந்துகொண்டேதான் செய்தேன்.

யாரும் கேட்கவில்லை. அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு, நான் கடைசி டயரிலிருந்து நிமிர்கிற வரை கைகூப்பிக்கொண்டு நின்றார்கள். சவ வண்டிக்காரர் செய்கிற சடங்கு இது என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. நீங்களும் திருத்தாதீர்கள்.